பலபுஷ்கா கியூவை விற்க: ஏலமா, வியாபாரியா?

அமெரிக்காவில் நண்பருக்காகப் பழைய கஸ்டம் பூல் கியூ (பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்தில் பந்தை அடிக்கும், கையால் தனியாகச் செய்த கோல்), அதுவும் 1975-இல் மறைந்த புகழ்பெற்ற கியூ கைவினைஞர் ஜார்ஜ் பலபுஷ்கா செய்தது, விற்றுத் தர ஒப்புக்கொண்டால் வழி இரண்டு: ஈபேயில் நீங்களே ஏலம் விடுவது, அல்லது சேகரிப்பாளர்களைத் தெரிந்த கியூ வியாபாரியிடம் கமிஷனுக்குக் கொடுப்பது.

ஈபேயில் கூட்டம் அதிகம், சரி. ஆனால் ஃபெரூலிலோ (கோல் நுனியில் உள்ள பூண்) பதித்த வேலைப்பாட்டிலோ தந்தம் இருந்தால் அங்கே போட முடியாது, 2009 முதலே தடை. மத்திய சட்டம் 2016-இல் இறுகியபோதுகூட 200 கிராமுக்குள் தந்தம் உள்ள பழைய பொருளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு வைத்தது. நியூயார்க், கலிபோர்னியா மாநிலச் சட்டங்கள் இன்னும் கறார். நல்ல வியாபாரிக்கு இதெல்லாம் அத்துப்படி. அதைவிட முக்கியம், பலபுஷ்கா பெயரில் போலிகள் உலவுகின்றன, அவர் பிறர் செய்த பிளாங்கையும் (பாதி செய்த கோல் கட்டை) வாங்கிப் பயன்படுத்தியவர் என்பதால் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. வியாபாரி சொன்னால் வாங்குபவர் நம்புவார், நீங்கள் போனில் எடுத்த படத்தை நம்பமாட்டார்.

கமிஷன் போகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். பரவாயில்லை. நண்பரின் பொருள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்விட்டால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? சாதாரணக் கம்பெனி கியூ என்றால் மட்டும் நான் ஏலத்துக்குப் போவேன். எங்கே கொடுத்தாலும் ஷாஃப்டை (கோலின் மெல்லிய முன்பகுதி) உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க மட்டும் வேண்டாம், சேகரிப்பாளர்கள் அந்தப் பழைய தடிமனைத்தான் அளந்து பார்ப்பார்கள்.