புகார் வந்த புத்தகம்: உடனே எடுப்பதா, விசாரணை முடியும்வரை வைப்பதா?

அமெரிக்க அரசுப் பள்ளி நூலகங்களில் ஒரு நூலுக்குப் பெற்றோர் ஆட்சேபம் தெரிவித்தால் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, உடனே அலமாரியிலிருந்து எடுத்துவிடுவது. தலைமையாசிரியருக்கு அன்றைக்குத் தலைவலி தீரும். ஆனால் "தற்காலிகம்" என்று எடுத்த நூல் யாரும் தேதி குறிக்காததால் அப்படியே கிடந்துவிடும். ஃபுளோரிடா மாநிலத்தில் 2023-இல் வந்த சட்டம் வேறு வழி விடவில்லை: பாலியல் சித்தரிப்பு என்ற ஆட்சேபம் வந்தால் 5 பள்ளி நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும் என்றது.

இரண்டாவது, முடிவு வரும்வரை நூலை வைத்திருப்பது. அமெரிக்க நூலகச் சங்கம் சொல்வது இதைத்தான். வாய்மொழிப் புகார் செல்லாது, படிவம் வேண்டும். முழு நூலையும் படித்தீர்களா, எந்தப் பக்கம், என்ன கேட்கிறீர்கள் என்று அதில் இருக்கும். சில புகார்கள் தன் பிள்ளைக்கு மட்டும் தடை போதும் என்பதோடு இங்கேயே முடியக்கூடியவைதான். மற்றவை நூலகர், ஆசிரியர், பெற்றோர் அடங்கிய குழுவுக்குப் போகும். சிக்கல் பிரதிகளில்தான்: ஒரே பிரதியை ஏழு பேர் மாற்றி மாற்றிப் படித்தால் கெடு தாண்டிவிடும், கடைசியில் கோடிட்ட பக்கங்களை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுவார்கள்.

சட்டம் தடுக்காத இடத்தில் இரண்டாவதே மேல். பள்ளி நூலகத்திலிருந்து நூல்களை நீக்கியது பற்றி 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிக்கோ வழக்கில் நியூயார்க் மாநிலப் பள்ளி வாரியம் ஒன்று மாட்டிக்கொண்டது, தானே அமைத்த குழுவின் பரிந்துரையை ஒதுக்கியதால்கூட. நீதிபதிகள் பிளவுபட்ட தீர்ப்புதான் அது. இருந்தாலும் எழுத்தில் காரணம் பதிவு செய்யாத பள்ளி இன்றும் நீதிமன்றத்தில் திணறலாம்.