முதுகெலும்பு நொறுங்கினால் சிமென்ட் ஊசியா, பெல்ட்டும் பயிற்சியுமா?

எழுபதைத் தாண்டிய என் அம்மாவுக்கு முதுகெலும்பில் எல்1 என்ற எலும்பு நொறுங்கியது எங்கேயும் விழுந்ததால் அல்ல. மேற்கு மாம்பலம் வீட்டில் பாதி நிரம்பிய வாளியைக் குனிந்து தூக்கினார், அவ்வளவுதான். ஆஸ்டியோபோரோசிஸ் என்ற எலும்பு வலுவிழக்கும் நோய் முற்றிய எலும்புக்கு அதுவே போதும். நெஞ்சு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் டி12, எல்1 பகுதியில்தான் இந்த முறிவு அதிகம் வருகிறது. எம்.ஆர்.ஐ. பார்த்த ஒரு டாக்டர் சிமென்ட் செலுத்திவிடலாம் என்றார். இன்னொருவர், பெல்ட் போட்டு எழுப்பி நடக்க வைத்து முதுகுத் தசையைத் தேற்றலாம் என்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் மூன்று மாதம் படுக்கை என்றார்கள். நாங்கள் எடுத்தது பெல்ட்டும் பயிற்சியும். எனவே நடுநிலையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

படுக்கை யோசனையை முதலில் தள்ளிவிடலாம். வலி தாங்காத முதல் சில நாட்களுக்குச் சரி. அதற்குமேல் போனால் படுக்கைப்புண், நெஞ்சுச்சளி, காலில் ரத்தக்கட்டு எல்லாம் வரிசையில் நிற்கும். 2007-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. முறிவோடு வலியில் இருப்பவர் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் ஊசி என்று நம்மூரில் சொல்வது வெர்டிபுரோபிளாஸ்டி. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, முதுகு வழியாக ஊசியை நொறுங்கிய எலும்புக்குள் கொண்டுபோய், பி.எம்.எம்.ஏ. என்ற எலும்பு சிமென்ட்டைச் செலுத்துகிறார்கள். 1984-ல் பிரான்சில் தொடங்கியது. முதலில் பலூனை ஊதி இடம் பண்ணிக்கொண்டு சிமென்ட் விட்டால் அது கைஃபோபிளாஸ்டி. பலூன் செட்டுக்காகவே செலவு கூடும். என் பெரியம்மாவுக்கு இதைச் செய்தார்கள். அன்று மாலையே எழுந்து உட்கார்ந்தார். அதைக் கண்ணால் பார்த்ததால், பலனே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. 2009-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் ஒரு பாதிப் பேருக்கு நிஜ சிமென்ட், மறுபாதிக்குச் சிமென்ட் இல்லாத பாவனைச் சிகிச்சை. இரு தரப்புக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. 2016-ல் ஆஸ்திரேலியாவில் ஆறு வாரத்துக்கு உட்பட்ட, கடுமையான வலியுள்ள முறிவுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது சிமென்ட்டுக்குச் சாதகமாக வந்தது. 2018-ல் நெதர்லாந்து ஆய்வு மறுபடி வித்தியாசம் இல்லை என்றது. இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, எல்லாருக்கும் போட வேண்டிய ஊசி இது அல்ல, வலியால் நிற்கவே முடியாத சிலருக்கு, சீக்கிரமே போட்டால் உதவலாம் என்பதுதான். சிமென்ட் கசிவது அபூர்வமில்லை; பெரும்பாலும் தொந்தரவு தராது, நரம்புப் பக்கமோ ரத்தக்குழாய்க்குள்ளோ போனால் தரும். பக்கத்து எலும்பு சீக்கிரம் உடையுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

எங்கள் முடிவைத் திருப்பியது வேறு விஷயம். சிமென்ட் போட்டாலும் போடாவிட்டாலும் முதுகுத் தசையை யாரோ ஒருவர் பராமரித்தே ஆக வேண்டும். கொடிக்கம்பத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறு மாதிரிதான் முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் தசைகள். உடம்பின் பாரம் எலும்புக்கு முன்னால் தொங்குகிறது. தசை பின்னாலிருந்து இழுத்துச் சமன் செய்கிறது. எலும்பு முன்பக்கம் சப்பிப்போனால் உடம்பு இன்னும் முன்னே சாயும், தசைக்கு வேலை கூடும். சோர்ந்த தசை விட்டுக்கொடுத்தால் அந்தப் பாரம் முழுக்க முறிந்த எலும்பின் முன் விளிம்பிலேயே இறங்கும். அப்புறம் அது இன்னும் நசுங்கும், அல்லது மேலே கீழே உள்ள எலும்பு உடையும்.

அம்மாவின் எம்.ஆர்.ஐ.யில் டாக்டர் அந்தத் தசையைக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்; தசைக்குள் கொழுப்பு ஏறியிருந்தது. இப்படிக் கொழுப்பேறிய முதுகுத் தசை உள்ளவர்களுக்கு முறிந்த எலும்பு ஒட்டிக் கூடுவது தாமதமாகிறது என்று சில ஆய்வுகள் தொடர்பு காட்டுகின்றன. தசை கெட்டதால் எலும்பு கூடவில்லையா, எலும்பு கூடாத வலியில் முடங்கியதால் தசை கெட்டதா என்று கேட்டால் இரண்டுமே நடக்கலாம். எப்படியானாலும் நம் கையில் இருப்பது தசை மட்டும்தான்.

பயிற்சி என்றால் ஏதோ ஒரு பயிற்சி அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் மெஹர்ஷீத் சினாகி 1984-ல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு வலுவிழந்த பெண்களில் முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புது முறிவோ நசுங்கலோ வந்தது. பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். பயிற்சியே செய்யாதவர்களில் 67 சதவீதம். அதாவது தப்பான பயிற்சி சும்மா இருப்பதைவிட மோசம். அவரே 2002-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்கள் இரண்டு ஆண்டு முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்து நிறுத்திவிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்தும் பயிற்சியே செய்யாதவர்களுக்குத்தான் முறிவு அதிகம், 2.7 மடங்கு. இரண்டும் சிறிய ஆய்வுகள்தான், ஆனாலும் எனக்கு இது போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதல் நாளே, “குனியவே கூடாதும்மா, எது எடுத்தாலும் முட்டியை மடக்கித்தான்” என்றார். அம்மா உடனே, “அப்போ கோலம் யாரு போடுவா?” என்றார். கோலம், அரிவாள்மணை, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, இந்தியன் டாய்லெட் என நம் வீட்டு வாழ்க்கையில் பாதி குனிவதுதான். அதையெல்லாம் மாற்றுவதுதான் பயிற்சியைவிடப் பெரிய வேலையாக இருந்தது. படுக்கையிலிருந்து எழும்போதுகூட நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும்.

வலி அடங்க அடங்கப் பயிற்சிகள் வந்தன. முதலில் மல்லாந்து படுத்துக் குதிகாலையும் தோளையும் மெத்தையில் அழுத்துவது, மூச்சை இழுத்து நெஞ்சை விரிப்பது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது, சுவரில் முதுகு ஒட்டி நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவது கடைசியில்தான், அதுவும் தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். டி.வி.யில் பார்த்து யோகா செய்கிறேன் என்று பச்சிமோத்தானாசனத்தில் இறங்குபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். குனியும் ஆசனத்தாலேயே எலும்பு நசுங்கியவர்கள் உண்டு.

பெல்ட்டில் விறைப்பான டெய்லர் பிரேஸ், ஏ.எஸ்.எச். பிரேஸ், மெத்தென்ற எல்.எஸ். பெல்ட் என்று கடைக்காரர் மூன்றைக் காட்டுவார். டாக்டர் எழுதித் தந்ததை வாங்குங்கள். விறைப்பானதற்கும் மெத்தென்றதற்கும் கடைசியில் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. சென்னை மே மாதத்தில் அதை மாட்டிக்கொண்டு நடப்பவருக்கு இது நல்ல செய்தி. உள்ளே பருத்தி பனியன் கட்டாயம், இல்லையென்றால் வேர்க்குரு. உட்காரும்போதும் நடக்கும்போதும் மட்டும் போட்டால் போதும். டாக்டர் சொன்ன வாரக்கணக்கு முடிந்ததும் மெல்ல விலக்க வேண்டும். பயத்தில் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டே இருந்தால் தசை மறுபடி சோம்பேறியாகிவிடும்.

செலவில் சிமென்ட் ஒரே நாளில் பெரிய தொகை, பாலிசி இருந்தால் ஓரளவு கைகொடுக்கும். வீட்டுக்கு வரும் பிசியோ கொஞ்சம் கொஞ்சமாக நம் பையிலிருந்தே போகும். முடியாதவர்களுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ உண்டு; கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

சாப்பாடும் மருந்தும் இரண்டு வழிக்கும் பொது. முதியவருக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரசம் சாதத்தில் அது வராது. சுண்டல், பனீர், தயிர் என்று ஒவ்வொரு வேளையும் பார்த்துப் போட வேண்டியிருந்தது. அடிப்படை நோயான ஆஸ்டியோபோரோசிஸுக்கான மருந்தை விடவே கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தேதி தவறவிட்டாலோ நடுவில் நிறுத்தினாலோ ஒன்றுக்கு மேற்பட்ட எலும்புகள் நொறுங்கும் ஆபத்து இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரே எலும்பு, நரம்பில் அழுத்தமில்லை, சில வாரத்தில் வலி இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று நான்கு எலும்பு நொறுங்கியவருக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மாத்திரைக்கும் அடங்காமல் வாரக்கணக்கில் வலி எழவே விடாவிட்டாலோ, எலும்பு கூடாமல் உள்ளே வெற்றிடம் தெரிந்தாலோ நானும் சிமென்ட் பக்கம்தான் போயிருப்பேன். கால் மரத்தாலோ பலமிழந்தாலோ, சிறுநீர் வராமலோ அடங்காமலோ போனாலோ இந்தப் பட்டிமன்றமே வேண்டாம், அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பெல்ட் வழியில் போகிறவர்கள் மறுபரிசோதனையில் நின்றபடி எக்ஸ்ரே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். படுத்து எடுத்த படத்தில் எலும்பு விரிந்து நன்றாகவே தெரியும். உடம்பின் பாரம் ஏறும்போது எவ்வளவு நசுங்குகிறது என்பது நின்று எடுத்தால்தான் தெரியும். பழைய படத்தையும் கையோடு கொண்டுபோனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து அவர் அளந்து சொல்வார்.