உப்புவெளியில் வைஃபை பிடிக்குது, லொகின் பக்கம் மட்டும் வரேல்லை

ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டன், டொரன்டோ, பாரிஸ் என்று எங்கிருந்தோ வந்து உப்புவெளியிலோ நிலாவெளியிலோ அறை எடுக்கிறவர்கள், பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்பது வைஃபையைத்தான். போன் உடனே பிடித்துக்கொள்ளும். லப்டொப் மட்டும் "இணைப்பு உண்டு, இன்டர்நெட் இல்லை" என்று நிற்கும். அறை இலக்கம் கேட்கிற அந்தப் பக்கம் வரவே வராது. விடுதிக்காரரோடு சண்டைக்குப் போக முதல் ஒன்றைப் பாருங்கள். போனிலும் பக்கத்து அறையிலும் அந்தப் பக்கம் திறக்கிறது என்றால் சிக்கல் பெரும்பாலும் நீங்கள் கொண்டுவந்த கணினிக்குள்தான். அதைப் பழுது என்றுகூடச் சொல்ல முடியாது. வெளிநாட்டு அலுவலகம் அதற்குப் போட்டுவிட்ட பூட்டுகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன.

திருகோணமலையில் எல்லா இடத்திலும் லொகின் பக்கம் கிடையாது. சின்னக் கெஸ்ட் ஹவுஸ் என்றால் பெரும்பாலும் வீட்டு ரவுட்டர்தான். பாஸ்வேர்ட் ஒரு துண்டில் எழுதித் தருவார்கள், அடித்தால் சரி. பக்கம் திறப்பது பெரிய ஹொட்டல்கள், சில கஃபேக்கள் போன்ற இடங்களில். ஆகவே முதலில் கேட்க வேண்டியது: "தம்பி, இதுக்குப் பாஸ்வேர்ட் மட்டுமோ, இல்லாட்டி பக்கம் ஒண்டு திறக்குமோ? வைஃபையின்ர சரியான பேர் என்ன?" பெயரைக் கேட்பது சும்மா இல்லை. ஹொட்டலின் பெயரையே வைத்து வேறு யாரும் ஒரு வைஃபையைத் திறந்து வைக்கலாம். உண்மையான பக்கம் பெரும்பாலும் அறை இலக்கம், பெயர், போன் இலக்கம், வவுச்சர் இவற்றில் ஏதாவதைத்தான் கேட்கும். மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கேட்டாலோ, கணினிக்குள் ஏதாவது ஒரு சான்றிதழை (செர்ட்டிஃபிகேட்) நிறுவச் சொன்னாலோ மூடிவிடுங்கள்.

அந்தப் பக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால், ஏன் வரவில்லை என்பது பாதி விளங்கிவிடும். விண்டோஸ் வைஃபையில் சேர்ந்தவுடன் மைக்ரோசொஃப்டின் ஒரு முகவரிக்குச் சத்தமில்லாமல் ஒரு கோரிக்கை அனுப்பும். "மைக்ரோசொஃப்ட் கனெக்ட் டெஸ்ட்" என்ற ஒரே வரி திரும்பி வந்தால் இணையம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அப்பிள் கணினி "சக்சஸ்" என்ற சொல்லை எதிர்பார்க்கும். அன்ட்ரொயிட்டுக்கு 204 என்ற வெறும் பதில் போதும். ஹொட்டலின் கருவி இந்தக் கோரிக்கையை இடையில் மறித்துத் தன் பக்கத்தை நீட்டும். எதிர்பார்த்த விடை வராததால் கணினியும் லொகின் சன்னலைத் திறக்கும். இப்படி மறிப்பது, முகவரியின் முன்னால் வெறும் எச்டிடிபி என்று உள்ள பூட்டில்லாத இணைப்பில்தான் நடக்கும். கடைசியில் எஸ் சேர்ந்த எச்டிடிபிஎஸ்ஸில் மறித்தால் பிரவுசர் அதைத் திருட்டு என்று எண்ணிச் சிவப்பு எச்சரிக்கை காட்டும். ஜிமெயிலையோ வங்கித் தளத்தையோ திறந்து பார்த்து "வேலை செய்யேல்லை" என்று சொல்கிறவர்கள் காண்பது அதைத்தான். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போக முயல வேண்டாம்.

முதல் வைத்தியம் இரண்டு நிமிடம். பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டொட் கொம் என்று அடியுங்கள்: நெவர் என்ற சொல், ஒட்டினாற்போல எஸ், எஸ், எல் என்ற மூன்று எழுத்து. முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு எல்லாவற்றையும் கையால் போடுங்கள். போடாவிட்டால் இன்றைய பிரவுசர்கள் தாங்களாகவே எஸ் சேர்த்துப் பார்க்கும். பூட்டில்லாமல் இருப்பதற்கென்றே வைத்திருக்கும் தளம் அது, மறிக்க இலகு. கப்டிவ் டொட் அப்பிள் டொட் கொம் என்பதும் அதே வேலையைச் செய்யும், விண்டோஸிலும் கூட. ஃபயர்ஃபொக்ஸில் "எச்டிடிபிஎஸ் ஒன்லி", குரோமில் "ஓல்வேய்ஸ் யூஸ் செக்கியூர் கனெக்‌ஷன்ஸ்" போட்டு வைத்திருந்தால் அதைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட வேண்டும்.

அதற்கும் வராவிட்டால் பார்க்க வேண்டியவை இரண்டு: விபிஎன், டிஎன்எஸ். வெளிநாட்டு லப்டொப்புகளில் பெரும்பாலும் குற்றவாளி இவற்றில் ஒன்றுதான்.

விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தை மறைத்துக் கொண்டுபோகும் சுரங்கம். அலுவலக விபிஎன் "எப்போதும் ஓன்" என்று இருந்தால், அந்தச் சுரங்கம் போடும்வரை வேறு எந்தப் போக்குவரத்தையும் அது வெளியே விடாது. லொகின் செய்யாமல் சுரங்கம் போட முடியாது. சுரங்கம் போடாமல் லொகின் பக்கம் வராது. கோழியா முட்டையா கதைதான். சொந்த விபிஎன் என்றால் அதில் "கில் சுவிட்ச்" என்ற, சுரங்கம் இல்லாதபோது இணையத்தை வெட்டிவிடும் தெரிவை அணைத்து, விபிஎன்னை முற்றாக மூடி, லொகின் முடிந்த பிறகு மறுபடி போடுங்கள். மக், ஐபோன்காரருக்கு, முகவரியை மறைக்கும் அப்பிளின் ஐகிளவுட் பிரைவேட் ரிலேயும் இதே தொல்லையைத் தரலாம். அந்த வைஃபைக்கு மட்டும் "லிமிட் ஐபி அட்ரஸ் ட்ராக்கிங்" என்பதை நிறுத்தினால் போதும்.

டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் இலக்கத்தைச் சொல்லும் விலாசப் புத்தகம். லொகின் ஆகாதவர்களுக்கு ஹொட்டல் தன் புத்தகத்தை மட்டும்தான் திறந்து வைத்திருக்கும். உங்கள் லப்டொப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று நிரந்தரமாக எழுதி வைத்திருந்தால், கேள்வி போகும், பதில் வராது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வேர்க், வைஃபை, ஹாட்வெயார் புரொப்பர்டீஸ் என்று போய், டிஎன்எஸ் வரியை "ஓட்டோமட்டிக்" ஆக்குங்கள். மக்கில் வைஃபையின் விபரத்துக்குள் டிஎன்எஸ் பகுதியில் கையால் சேர்த்த இலக்கங்களைக் கழற்றுங்கள். பிரவுசருக்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கும். குரோமின் "செக்கியூர் டிஎன்எஸ்" தானியங்கியில் இருந்தால் தொல்லை இல்லை. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தைத் தெரிந்து வைத்திருந்தால்தான் அடம்பிடிக்கும். ஃபயர்ஃபொக்ஸிலும் "மக்ஸ் புரொடெக்‌ஷன்" தெரிவுதான் மறிக்கும், சாதாரணத் தெரிவு விட்டுக்கொடுக்கும்.

மைக்ரோசொஃப்ட் உளவு பார்ப்பதை நிறுத்துகிறோம் என்று சொல்லும் மென்பொருள்களைப் போட்டிருந்தால் இன்னொன்றையும் சந்தேகியுங்கள். முன்னே சொன்ன அந்தச் சத்தமில்லாத கோரிக்கையையே சில வெட்டிவிடும். சன்னல் தானாக வராது. நெவர்எஸ்எஸ்எல் வழி மட்டும் வேலை செய்கிற கணினி என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

போனில் பக்கம் வருவதும் லப்டொப்பில் வராததும் முழுக்க இந்தப் பூட்டுகளால்தான் என்றும் இல்லை. வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் தரும் இலக்கம்தான் ஐபி முகவரி. அதைக் கொடுக்கும்போதே லொகின் பக்கத்தின் முகவரியையும் ரவுட்டர் சொல்லிவிடும் முறை ஒன்று 2020இல் ஆர்எஃப்சி 8910 என்ற இணைய விதிமுறையாக வந்தது. அன்ட்ரொயிட் 11உம் ஐஓஎஸ் 14உம் அதைக் கேட்டுக்கொள்ளும். லப்டொப் கேட்காவிட்டால் போனில் மட்டும் பக்கம் வரும்.

அடுத்தது முகவரியே கிடைக்காத நிலை. விண்டோஸின் கறுப்புச் சன்னலில் (கொமாண்ட் புரொம்ப்ட்) ஐபிகொன்ஃபிக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை. பக்கத்தைத் தேடிப் பயனில்லை. கிழக்கில் கடற்கரைப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. ஓகஸ்டில் அறைகள் நிரம்பி, ஆளுக்கு இரண்டு போன், பிள்ளைகளுக்கு டப்லெட் என்று வரும்போது சின்ன ரவுட்டரிடம் இருக்கும் நூறு அல்லது இருநூற்றுச் சொச்சம் முகவரிகள் தீர்ந்துவிடும். நேற்றுப் போனவரின் முகவரியும் தவணை முடியும்வரை பிடிபட்டிருக்கும். அதற்கு மருந்து விடுதிக்காரர் கையில்: ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது வைஃபையை "ஃபொகெட்" செய்து திரும்பச் சேர்வது, ஐபிகொன்ஃபிக்கோடு ரிலீஸ், ரினியூ, பிறகு ஃபிளஷ்டிஎன்எஸ் ஓட்டுவது. 192.168இலோ 10இலோ 172இலோ தொடங்கும் முகவரி வந்திருந்தால் "டிஃபோல்ட் கேட்வே" வரியில் உள்ள இலக்கத்தைப் பிரவுசரில் அடித்துப் பாருங்கள், சில இடங்களில் பக்கம் அங்கேயே இருக்கும். அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால் அது ரவுட்டரின் உள்வீடு, திரும்பி வந்துவிடுங்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி. லினக்ஸில் டொக்கர் வழமையாக 172.17 வரிசையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ஹொட்டலின் வைஃபையும் அதே வரிசையில் இருந்தால் லொகின் பக்கத்துக்கான கோரிக்கை உங்கள் கணினிக்குள்ளேயே சுற்றித் திரியும். டொக்கரை நிறுத்தி, அது போட்ட டொக்கர்0 பாலத்தையும் கழற்றுங்கள்.

கனடாவிலோ அமெரிக்காவிலோ வாங்கிய லப்டொப்பில் வைஃபையின் பெயரே பட்டியலில் தெரியாவிட்டால், ரவுட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸில் 12ஆம் அல்லது 13ஆம் சனலில் நிற்கக்கூடும். அந்த நாடுகளுக்கான வைஃபை அட்டைகள் பல 11க்கு மேல் பார்க்காது. சனலை 1, 6, 11 இல் ஒன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பக்கம் வந்துவிட்டது, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. இதில் எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். பக்கம் அறை இலக்கத்தோடு குடும்பப் பெயரைக் கேட்கும். கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். முன்பதிவு செய்த தளத்தில் முன்பின்னாகப் போயிருக்கும். வரவேற்பு மேசையில் இருப்பவர் கூப்பிடும் பெயரையே குடும்பப் பெயராக அடித்திருப்பார். திருமணமான பெண்கள் என்றால் கணவரின் பெயரில் அறை, தங்கள் பெயரில் முயற்சி. சிவகுமார் என்பதை ஆங்கிலத்தில் எஸ் போட்டுத் தொடங்குகிறவரும் உண்டு, எஸ்எச் போட்டுத் தொடங்குகிறவரும் உண்டு. இயந்திரத்துக்கு இரண்டும் வேறு ஆட்கள். மாறி மாறி அடித்துக் களைக்காமல், "அண்ணை, கொம்பியூட்டரில என்ர பேர் எப்பிடி அடிச்சிருக்கு, ஒருக்கா எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிடுங்கள்.

போன் இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பும் பக்கம் என்றால் வெளிநாட்டு இலக்கம் உதவாமல் போகலாம். ரோமிங் இருந்தாலும் அந்த எஸ்எம்எஸ் வராமல் போவதுண்டு. டயலொக், மொபிடெல் போன்ற உள்ளூர்ச் சிம்மைக் கட்டுநாயக்கவில் இறங்கிய உடனேயே கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிவிட்டால் இந்தத் தலையிடி இல்லை. இலக்கத்தை அடிக்கும்போது 07இல் தொடங்கினால் பத்து இலக்கம். 94 ஏற்கெனவே போட்டிருந்தால் முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு ஒன்பது.

நேரத்தையும் ஒருக்கால் பாருங்கள். ஊர் நேரத்துக்கு மாற்றும்போது நேர வலயத்தை மாற்ற வேண்டும், மணிக்கம்பியை அல்ல. வலயத்தை லண்டனில் விட்டு மணியை மட்டும் நாலரையோ ஐந்தரையோ தள்ளினால் கணினியின் கணக்கில் நீங்கள் நாளைக்கு நிற்கவும் கூடும். உள் பற்றரி செத்துப் பழைய ஆண்டுக்குப் போயிருந்தால் லொகின் பக்கத்தின் சான்றிதழ் உட்பட எல்லாமே "செல்லாது" என்று வரும்.

கடைக்குக் கொண்டுபோகிற அளவு விஷயம் இது இல்லை. கொண்டுபோனால் சில இடங்களில் உடனே "விண்டோஸ் அடிச்சுத் தாறம்" என்பார்கள். இந்தக் குறைக்கு ஃபோமட் தேவையில்லை. அலுவலக லப்டொப் என்றால் அது பெரிய வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும்.

அலுவலகப் பூட்டைத் தொடவே முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அன்ட்ரொயிட் போனில் ஹொட்டல் வைஃபைக்கு லொகின் செய்துவிட்டு, போனையும் லப்டொப்பையும் யூஎஸ்பி வயரால் இணைத்து "யூஎஸ்பி டெதரிங்" போடுங்கள். போன் தன் வைஃபையையே வயர் வழியாகக் கொடுக்கும். ஹொட்டலின் கண்ணுக்கு ஒரே கருவிதான், அறைக்கு இரண்டு கருவி என்ற கட்டுப்பாடும் தடுக்காது. ஐபோன் இப்படிச் செய்யாது. அது சிம்மின் டேட்டாவை மட்டும்தான் பகிரும்.

லொகின் ஆன பிறகு தினமும் திரும்பக் கேட்டால் எம்ஏசி முகவரி, அதாவது வைஃபை அட்டையின் அடையாள இலக்கம், மாறுவதாக இருக்கலாம். விண்டோஸின் "ரன்டம் ஹாட்வெயார் அட்ரஸஸ்", மக்கின் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" இரண்டையும் அந்த வைஃபைக்கு மட்டும் நிலையாக்குங்கள். கரண்ட் போய் வந்த பிறகு கேட்டால் அது வேறு, கருவி எல்லோரையும் மறந்துவிட்டது, ஒருமுறை அடித்தால் சரி. அறையை விடும் நாளில் கில் சுவிட்சையும் டிஎன்எஸ்ஸையும் பழையபடி போட்டு, அந்த வைஃபையை "ஃபொகெட்" செய்துவிட்டுப் புறப்படுங்கள்.