ஏழு சம்பா, ஒரே குழு: கேட்டவனாகவும் பதில் சொன்னவனாகவும்

மன்னார்குடிப் பக்கம் நான்கு ஏக்கரில் நெல் பயிரிடும் நான், 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த அடுத்த வாரத்தில், டெல்டா விவசாயிகள் கேள்வி பதிலுக்காக நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். குழு பின்னர் டெலிகிராமுக்கு மாறியது. நானும் உடன் சென்றேன். அதனால் எனக்குக் கிடைத்த பயன் பெரிது. ஆனாலும் புதிதாக வருபவர்களுக்கும் நெடுநாள் இருப்பவர்களுக்கும் இடையே இருந்துவரும் மனக்கசப்பைப் பற்றியே எழுதுகிறேன், ஏனெனில் அந்தக் கசப்பு எனக்கு ஒரு போக விளைச்சலில் பாதியை இழக்க வைத்தது.

புயலுக்குப் பின் சம்பாப் பருவத்துப் பயிர் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்து வந்தது. கலங்கலான ஒரு படத்தை அனுப்பி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டேன். "ரகம் என்ன, நட்டு எத்தனை நாள், ஒன்றும் சொல்லாமல் படம் போட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதினார். அவர் கேட்ட விவரங்கள் அத்தனையும் தேவையானவை என்று இன்று தெரிகிறது. அன்று அது நூற்றுக்கணக்கானவர் முன்னிலையில் வாங்கிய திட்டாக மட்டுமே பட்டது. மறுபடி வாய் திறக்காமல், உரக்கடையில் சொன்னபடி யூரியாவை மேலுரமாகப் போட்டேன். கருகல் வயல் முழுவதும் பரவிவிட்டது.

பத்து நாள் கழித்து இன்னொரு பெரியவர் தனிச்செய்தியில், இலையை நறுக்கிக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, அதில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கசிவதைப் போல வெள்ளையாக ஒன்று தண்ணீரில் இறங்கியது. அது பாக்டீரியா இலைக்கருகல் என்றும், காற்றில் இலைகள் உரசிக் கிழிந்தால் அந்த நோய் எளிதில் தொற்றும் என்றும், யூரியா தரும் தழைச்சத்து மிகுந்தால் இன்னும் தீவிரமாகும் என்றும் விளக்கினார். அந்தத் தம்ளரை எப்படிப் பார்ப்பது என்பதைக் குழுவில் அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் நான் யூரியா மூட்டையைப் பிரித்திருக்கவே மாட்டேன்.

ஆயினும் மூத்தவர்களின் சலிப்பு நியாயமற்றது என்று என்னால் சொல்ல இயலாது. 2020-இல் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணை திறக்கப்பட்டது. ஊரடங்கால் ஊர் திரும்பிய இளைஞர்கள் பலர் வயலில் இறங்கினார்கள். குறுகிய காலப் பருவமான குறுவைக்கு என்ன ரகம் என்ற ஒரே கேள்வி தினமும் வந்தது. அதைவிடக் கவலை தந்தது, அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அவர்களில் சிலர் அளித்த பதில்கள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானுக்குச் சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்தை ஒருவர் பரிந்துரைத்தார். அதை அடித்தால் அந்தப் பூச்சி இன்னும் பெருகும். அத்தகைய பதிலை உடனே கடுமையாக மறுப்பது, யாரோ ஒருவருடைய ஏக்கரைக் காப்பதாகும்.

கேட்பவனிடம் அந்தக் கடுமையைக் காட்டுவது வேறு. சி.ஆர். 1009-ஐக் குறுவைக்குப் போடலாமா என்று ஒரு பையன் கேட்டபோது, 155 நாளுக்கு மேல் போகும் சம்பா ரகத்தைக் குறுவைக்குக் கேட்கிறானே என்று பலர் சிரிப்புக் குறியைப் போட்டார்கள். நானும் போட்டேன். அன்றிரவே அவன் குழுவை விட்டு வெளியேறினான். என் படத்துக்குக் கிடைத்த பதிலை நானே அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது, நிரல் எழுதுபவர்கள் கேள்வி பதிலுக்குக் கூடும், 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலும் இதே பிணக்கு உண்டு என்றும், புதியவர்களுக்கு அங்கே இணக்கமான சூழல் இல்லை என்று அதை நடத்துபவர்களே 2018-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதினார்கள் என்றும் சொன்னாள். ரகத்தையும் நாளையும் நாங்கள் கேட்பது போலவே அங்கே, பிழை எழும் அளவுக்கான சிறு நிரல் துண்டைக் கேட்பார்களாம்.

எங்கள் குழுவில் நிலைமையை மாற்றியவை இரண்டு. "ஏற்கெனவே சொல்லியாயிற்று, மேலே போய்ப் பாருங்கள்" என்று அதட்டுவது வழக்கமாக இருந்தது. ஆனால் வாட்ஸ்அப் காலத்தில், பிறகு சேர்ந்தவருக்கு முந்தைய செய்திகள் தெரியவே தெரியாது. டெலிகிராமில் தெரிந்தாலும், பெரியவர்களின் பதில்கள் குரல்பதிவாக இருந்ததால் தேடினால் அகப்படவில்லை. எனவே குரல்பதிவோடு இரண்டு வரி எழுத்திலும் இட வேண்டும் என்று முடிவானது. மற்றொன்று, குழுவின் முகப்பில் நிலையாக வைத்த குறிப்பு: ரகம், நட்ட நாள், மஞ்சள் அடியிலைகளிலா குருத்திலைகளிலா, கடைசியாகப் போட்ட உரம். ஏன் கேட்கிறோம் என்பதையும் அதில் எழுதினோம். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவைப் பார்க்க வேண்டும், குருத்திலையானால் இரும்பு அல்லது கந்தகம், துருப்போன்ற பழுப்புப் புள்ளிகள் இருந்தால் துத்தநாகம். காரணம் தெரிந்தபின் அதைத் திட்டாக எடுத்துக்கொண்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

போன சம்பாவில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் மூன்று விவரங்களை எழுதிவிட்டு, "உரம் அப்பாதான் போட்டார், கேட்டுச் சொல்கிறேன்" என்று முடித்திருந்தார். முதல் பதில், என்னிடம் ஜோசியம் பற்றிக் கேட்ட அதே மனிதரிடமிருந்து வந்தது: "அவசரமில்லை அம்மா, கேட்டுச் சொல்லுங்கள். அதுவரை யூரியா மட்டும் போட வேண்டாம்."