பழைய தேக்குச் சாமானும் டெல்டா ஈரமும்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

கஜா புயலுக்கு அடுத்த வருடம், 2019ல், பழைய மரச்சாமான் வாங்கி வீட்டிலேயே புதுப்பிக்க ஆரம்பித்தேன். மன்னார்குடிப் பக்கம் இடிபட்ட ஓட்டு வீடுகளிலிருந்து வந்த ஓர் அலமாரி, ஓர் எழுத்து மேசை, ஓர் ஊஞ்சல் பலகை. மூன்றும் தேக்கு. வேலை முடித்த அன்று எந்தப் பூச்சும் பளபளப்பாகத்தான் இருக்கும். சில ஐப்பசி அடைமழைகளைத் தாண்டிய பிறகுதான் எது நிற்கிறது என்று தெரியும். அதனால் மூன்றுக்கும் வேண்டுமென்றே வெவ்வேறு பூச்சு போட்டேன்.

வாங்கும்போது நான் பார்ப்பது வைரம் பாய்ந்த, அதாவது உள்பகுதி முற்றி இறுகிய, மரமா என்பதைத்தான். தேக்கின் ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி இருந்தால் மரம் அரிக்கும் உளுப்பூச்சி அங்கேதான் இறங்கும். கால் அடியிலும் பின்பலகையிலும் குண்டூசித் துளைகள் இருப்பது பழைய சாமானில் சகஜம். துளைக்குக் கீழே புதிதாக நைசான மாவு உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பழைய பாலிஷை முழுக்க எடுத்த பிறகுதான் பூச்சி மருந்து மரத்துக்குள் இறங்கும். மேலோடு அடிப்பது வீண். பழைய எனாமல் பெயிண்ட் அடித்த சாமானைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். வீட்டு பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசியைப் பறக்க விடவே கூடாது.

காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து பெயிண்ட் எடுத்துத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். தேக்கு கறுத்துப் போகும், மூட்டுப் பசையும் விட்டுப் போகும். ஸ்க்ரேப்பரும் பொறுமையும் போதும். அப்புறம் உப்புத்தாள்: சொரசொரப்பான 80 நம்பரில் தொடங்கி 120, 180, 220 என்று நைசாகப் போய், எப்போதும் மர ரேகை ஓடும் திசையில். பழைய மூட்டுகளில் இருப்பது பெரும்பாலும் வஜ்ஜிரப் பசை, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. வெந்நீர் ஒத்தடத்தில் இளகும். அதைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் ஃபெவிகால் வைக்க வேண்டும். பழசின் மேல் புதுசு ஒட்டாது.

அலமாரிக்கு அரக்கு பாலிஷ். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் அவலரக்கு (அவல் போல மெல்லிய செதிலாக வரும் அரக்கு), இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்துப் பூசினேன். கரைத்ததை மாதக்கணக்கில் வைத்திருந்தால் சரியாக இறுகாது. வேண்டிய அளவு மட்டும் கரைப்பது நல்லது. மழை நாளில் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகும்போது காற்றின் ஈரம் படிந்து வெளுத்துவிடும். இங்கே இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரைதான். ஆடிக் காற்றில் புழுதி, தையில் அறுவடைத் தூசி.

மேசைக்குக் கடையில் சிபாரிசு செய்த பாலியூரித்தேன், மரத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் போல இறுகும் வார்னிஷ். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. தின்னரால் துடைத்துவிட்டுப் பூசாவிட்டால் காய்வதற்கு இழுத்தடிக்கும். முதல் வருடங்களில் இதுதான் ஜெயித்தது. சுடச்சுட காபி டபரா வைத்தாலும் தழும்பு இல்லை. ஆனால் தரை துடைக்கும் தண்ணீர் கால்களின் வெட்டு முகம் வழியாக மேலேறி, படலத்துக்கு அடியில் தங்கி, கீழிருந்து நாலு விரல் உயரத்துக்குப் படலம் வெளுத்து உரிந்தது. ஒட்டுப் போட முடியாது. காலை முழுக்கத் தேய்த்து மறுபடி பூச வேண்டியிருந்தது. கால் அடியில் ரப்பர் குமிழ் மாட்டிய பிறகு பிரச்சினை இல்லை.

அலமாரியில் டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழத்தான் செய்யும். ஸ்பிரிட் நனைத்த துணியால் மேலோட்டமாக ஒரு இழுப்பு, மேலே ஒரு கை அரக்கு, அவ்வளவுதான். பழைய பூச்சோடு புதியது கலந்துவிடும். பழைய சாமானுக்கு நான் அரக்கைத்தான் சொல்வேன். கெட்டுப்போகாத பூச்சைத் தேடுவதைவிட, கெட்டால் நம் கையாலேயே சரிசெய்யக் கூடியது இந்த ஊர் ஈரத்துக்குச் சரி.

ஐப்பசியில் அலமாரிக் கதவு உப்பி இறுகும். பக்கத்துத் தெரு ஆசாரியிடம் இழைத்துத் தரச் சொன்னேன். "இப்ப கை வைக்காதீங்க தம்பி, மாசி வரட்டும். இன்னிக்கு இழைச்சா கோடையில விரல் போற சந்து விழும்" என்றார். மாசியில் தானாகவே சரியாக மூடியது. இழுப்பறை இறுகினால் அடிச்சட்டத்தில் மெழுகுவத்தி தேய்த்தால் போதும்.

ஊஞ்சலுக்கு ஆளிவிதை எண்ணெய். கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டு வாங்க வேண்டும், பச்சை எண்ணெய் லேசில் காயாது. தொடுவதற்கு மரமாகவே இருக்கிறது, அதற்காகவே எனக்குப் பிடிக்கும். முற்றத்தின் சாரல் படும் ஓரத்தில் மட்டும் கார்த்திகையில் பூஞ்சணம் பூக்கிறது. துடைத்து, வெயில் வந்ததும் லேசாக ஒரு கை எண்ணெய் விடுகிறேன். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.