வீட்டுச் சுவர் கழுவ ஆள் தேடுகிறவர்கள் கவனம்: என் 68,000 ரூபாய் போன விதம்

கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்புங்கள். வெளிச்சுவரில் பாசி கழுவித் தருகிறோம் என்று வேலை விளம்பரத் தளம் ஒன்றில் படத்தோடு போட்டிருந்த ஆட்களிடம் 68,000 ரூபாய் கொடுத்தேன். பாசி போனது உண்மை. அதோடு பெயின்ட்டும் போனது, பூச்சும் போனது. இப்போது பின் அறையின் உள்சுவர் தொட்டால் ஈரம். பெயரைப் போட்டால் வீண் வம்பு என்று தம்பி சொல்வதால் போடவில்லை. கழுவுவதைச் சரியாக எப்படிச் செய்வது என்றும் கடைசியில் எழுதுகிறேன், பொறுங்கள்.

சுவர் கழுவ இவ்வளவு காசா என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கலாம். இங்கே மே மாதம் பிடித்தால் செப்டம்பர் வரை மழைதான். கொஞ்சம் கீழே வட்டவளையில் வருஷ மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். எங்களுக்கு அவ்வளவு இல்லை என்றாலும் மழை விட்ட நேரமெல்லாம் பனிமூட்டம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, அந்தப் பக்கச் சுவருக்கு வெயில் என்பதே கிடையாது. கூரைப் பீலி ஒழுகும் இடத்தில் கறுப்புக் கோடு, அடியில் பச்சை, ஜன்னல் விளிம்பில் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகக் கல்பாசி. அப்பா இருந்தவரைக்கும் லயத்துக்கு அடிக்கிற மாதிரியே சுண்ணாம்பு அடித்துவிடுவார். சுண்ணாம்பின் காரத்துக்குப் பாசி லேசில் அண்டாது. வீட்டைப் பெருப்பித்த பிறகு பெயின்ட்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்க்க வந்தவனுக்கு முப்பது வயது இருக்காது. இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்தான். பின்சுவரில் கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்து, விரலில் ஒட்டிய பச்சையை என்னிடம் காட்டினான். "டீச்சர், இது அழுக்கு இல்லை, உயிருள்ள சாமான். சுரண்டி எடுத்தா மறுபடி வரும். முதல்ல சாகடிக்கணும், பிறகு சும்மா தண்ணி ஊத்தினாலே போயிடும்." தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் ஒரு கதவு அகலத்துக்கு, கையில் கொண்டுவந்த ஸ்ப்ரே போத்தலால் கீழிருந்து மேலாக அடித்தான். ஏன் கீழிருந்து என்று கேட்டேன். மேலிருந்து அடித்தால் வழிகிற மருந்து காய்ந்த சுவரில் கோடு விழுத்தும் என்றான். சரியான பதில், இப்போதும் அதைச் சொல்வேன். பத்து நிமிஷத்தில் பச்சை மஞ்சளாகி, மெல்ல வெளுத்தது. மெத்தென்ற பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு, ஒரு வாளித் தண்ணீர். பெயின்ட் அடித்த புதிதில் இருந்த நிறம் அப்படியே வெளியே வந்தது.

"பிரஷர் மெஷின் பாவிப்பீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். "ஐயோ டீச்சர், இது பழைய பூச்சு. மெஷின் பட்டாக் கொட்டிப் போகும். நாங்க கையாலதான்." அந்தூரியத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, மருந்தடிக்க முந்திச் செடிகளை நல்லா நனைச்சிடுவோம், அப்போ இலை கருகாது என்று நான் கேட்காமலே சொன்னான். இவ்வளவும் தெரிந்து பேசுகிறவனை யார் சந்தேகப்படுவது? 68,000க்குப் பேசி முடித்தோம். 40,000 முற்பணம் அன்றைக்கே அவன் கணக்கில் போட்டேன். மிச்சம் வேலை முடிந்ததும்.

வேலைக்கு வந்தது அவன் இல்லை. வேறு மூன்று பேர். நான் பள்ளிக்கூடத்தில், வீட்டில் அம்மா மட்டும். லொறியிலிருந்து பெட்ரோலில் ஓடும் பிரஷர் மெஷினை இறக்கியிருக்கிறார்கள். மெஷின் கூடாது என்றுதானே பேச்சு என்று அம்மா கேட்டதற்கு, "அண்ணன் சொல்லித்தான் அனுப்பினாரு பாட்டி, நீங்க உள்ள போங்க" என்று பதில். தோட்டத்துக் குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம் மூன்று, நான்கு பார் இருக்கும். இந்த மாதிரி மெஷின் நூறு பாருக்கு மேல் போகும். அதை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கீழிருந்து மேலே, ஜன்னல் சட்டத்துக்குள்ளும் வெளி லைட்டின் ஹோல்டருக்குள்ளும் சேர்த்து அடித்திருக்கிறார்கள்.

கல்பாசி அதற்கும் போகவில்லை. பாசியைச் சாகடிக்க அடித்த குளோரின் மருந்தின் (பிளீச்) ஈரம் காயும் முன்னமே அதன் மேல் ஒரு கேன் ஆசிட்டை ஊற்றியிருக்கிறார்கள், கக்கூஸ் தரைக்குப் போடுகிற அதே ஆசிட். ஆசிட் சிமெந்தைத் தின்னும், அப்போது நுரை கிளம்பும். அம்மா அந்த நுரையைப் பார்த்து, பரவாயில்லை, சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். குளோரினும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது நச்சுப் புகை. அன்றிரவு முழுக்க அம்மா இருமினார். காசைக்கூட விடலாம், இதை விட முடியாது.

நான் வரும்போது இருட்டிவிட்டது. ஈரச் சுவரில் பச்சை இல்லை என்பது மட்டும்தான் டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. வாசலில் நின்று மிச்சம் 28,000 ரூபாயை வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

அன்றிரவே ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. சுவர் காயக் காயத்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. உள்ளங்கையால் தடவினால் மணல் கொட்டுகிறது. விரல் முட்டியால் தட்டினால் பாதி இடம் டொக்கு டொக்கு என்று வெற்றுச் சத்தம். அந்தூரிய இலையெல்லாம் கருகிவிட்டது. வந்து பார்த்த மேசன் பாஸ், அடிப்பக்கம் மூன்றடிக்குக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும் என்கிறார். சொரசொரப்பான பூச்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், இப்படியே விட்டால் பாசி முன்னையைவிடச் சீக்கிரம் வரும் என்றும் சொன்னார். அதாவது பாசி போக 68,000 கொடுத்து, பாசிக்கு மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

போன் எடுத்தேன். முதலில் "பழைய சுவர் டீச்சர், நாங்க என்ன செய்ய?" பூச்சு பழசு என்று எனக்குச் சொன்னவனே அவன்தான்! அடுத்த தடவை வேறு குரல், அண்ணன் கொழும்புக்குப் போயிருக்கிறாராம். அப்புறம் படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக வந்த பதில்தான் உச்சம்: "மழை விட்டதும் வந்து பார்த்துத் தாறோம்." கொட்டகலையில் இருந்துகொண்டு மழை விடும்வரை காத்திருக்க வேண்டுமாம். இப்போது என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறார்கள். தம்பியின் போனிலிருந்து எடுத்தால் மணி அடிக்கிறது, தூக்குவதில்லை.

விளம்பரத் தளத்துக்கும் எழுதினேன். "நாங்கள் விளம்பரம் மட்டுமே வெளியிடுகிறோம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பல்ல" என்று வந்தது. விளம்பரத்தின் கீழ் நான் எழுதிய கருத்து மறுநாள் அங்கே இல்லை, விளம்பரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் போட்டிருக்கும் சுவர் யாருடையதோ. பில் கேட்டதற்கு ஒரு விசிட்டிங் கார்டைத் தந்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். என்னிடம் இருப்பது 40,000 ரூபாய்க்கு வங்கி ஸ்லிப்பும் வட்ஸ்அப் உரையாடலும்தான். 28,000க்கு அம்மாதான் சாட்சி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லிவிட்டு, எழுத்து மூல முறைப்பாட்டையும் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அது சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை.

கழுவும் முறையை விளக்கமாக எழுத நினைத்தேன். மின்சார வேலைக்காரர் வாசலில் நிற்கிறார், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பழைய பூச்சில் பிரஷர் மெஷின் வேண்டவே வேண்டாம். ஆசிட் என்று யாராவது வாயெடுத்தால் அனுப்பிவிடுங்கள். கடையில் விற்கும் சாதாரண பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு போதும். செடியை முதலில் நனையுங்கள், கையுறை போடுங்கள், காய விடாமல் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பிளீச்சோடு கக்கூஸ் கழுவும் மருந்தையோ வினாகிரியையோ கலக்காதீர்கள், சுவரின் மேலும் கூடத்தான். பீலி ஒழுகினால் அதைத் திருத்தாமல் சுவரைக் கழுவிப் பிரயோசனம் இல்லை. மாதிரி காட்டியவன் வேலையன்று வராவிட்டால் லொறியிலிருந்து எதையும் இறக்க விடாதீர்கள். பேசியதை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

எங்கள் பக்கத்தில் இதே மாதிரி, டாங்கிக்குப் பின்னால் அழகாக மாதிரி காட்டிவிட்டு மெஷினோடு வந்தவர்களிடம் காசு கொடுத்தவர்கள் இருந்தால், ஸ்லிப்பைத் தொலைக்காமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். முறைப்பாட்டைச் சேர்த்தே கொடுக்கலாம்.