தண்ணீரா, பச்சைக் கூலன்டா, லாங் லைஃபா: வெயில் ஊர் ரேடியேட்டருக்கு எது பொருந்தும்?

"இங்கே என்ன பனியா கொட்டுது, ரேடியேட்டருக்கு எதுக்கு ஆன்டிஃப்ரீஸ்?" என்று கேட்பவர்களிடம் பாதி நியாயம் இருக்கிறது. வேலூரிலோ மதுரையிலோ ஓடும் வண்டிக்கு மைனஸ் 37 டிகிரி வரை உறையாத திரவம் தேவைப்படப் போவதில்லை. ஆனால் கூலன்டுக்கு (ஆன்டிஃப்ரீஸும் துருத்தடுப்பு ரசாயனமும் சேர்ந்த குளிர்விக்கும் திரவம்) கொடுக்கும் காசு வேறொரு வேலைக்கும் போகிறது. அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக், ரேடியேட்டர் குழாய், வாட்டர் பம்ப் என்று பல உலோகங்கள் ஒரே சூடான நீரில் நனைந்து கிடக்கின்றன. அவை அரித்துப் போகாமல் காப்பதுதான் அந்த வேலை. வெயில் ஊரில் இந்தத் தேவை குறைவதே இல்லை. எதை ஊற்றுவது என்பதை உறைநிலையை வைத்து முடிவு செய்வதைவிட அரிப்பை வைத்து முடிவு செய்வதே சரி.

வெறும் தண்ணீரும் கலவையும்

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். ஆன்டிஃப்ரீஸின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலன்டுக்குச் சுமார் 3.4 போதும். அதாவது கிளைகால் கூடக் கூட, வெப்பத்தை ஏந்திச் செல்லும் திறன் குறைகிறது. "தண்ணீரே நல்லா குளிர்விக்கும்" என்பதில் பொய் இல்லை.

கொதிநிலையில் கலவை முந்துகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், சரிபாதிக் கலவை 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 1.1 பார் அழுத்த மூடி போட்ட ரேடியேட்டருக்குள் தண்ணீர் சுமார் 122 வரை தாங்கும், கலவை 130-ஐ நெருங்கும். டேஷ்போர்டு முள் 95 காட்டும்போதும், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள ஹெட் சுவர் அதைவிட வெகு சூடாக இருக்கும். அங்கே குமிழி கட்டி ஆவிப்படலம் உருவானால் அந்த இடத்தில் திரவம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஹெட் வளைவதும் கேஸ்கட் போவதும் இப்படித்தான் தொடங்குகின்றன. அந்த எட்டு டிகிரி இடைவெளி ஏசி போட்டுக்கொண்டு மலை ஏறும்போது பெரிய வித்தியாசம்.

வெறும் தண்ணீர் தோற்கும் முக்கியமான இடம் அரிப்பு. துருத்தடுப்பு ரசாயனம் எதுவும் இல்லாமல் ஓடினால் வார்ப்பிரும்பு பிளாக் துருவைக் கக்கும், அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சேறாக அடையும். தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசித் துளை போடும். கால்சியம், மெக்னீசிய உப்புகள் மிகச் சூடான இடமாகப் பார்த்துப் படியும். எங்கே வெப்பம் வேகமாக வெளியேற வேண்டுமோ அங்கேயே மூடிவிடும்.

ஆகவே வெறும் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். நடுவழியில் ஹோஸ் வெடித்து, மாற்றி, கிடைத்த தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேர்ந்தால் தவறில்லை. வந்ததும் அதை வடித்துவிட வேண்டும்.

கிளைகாலை அள்ளி ஊற்றுவதும் கூடாது. 60 சதவீதத்துக்கு மேல் போனால் வெப்பம் கடத்துவது குறையும். உறையாமல் காக்கும் குணமும் கூடுவதற்குப் பதில் குறையத் தொடங்கும்; தூய எத்திலீன் கிளைகால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துபோகும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு 33 முதல் 50 சதவீதம் வரை எதுவும் சரி. 33-க்குக் கீழே போனால் கிளைகாலோடு துருத்தடுப்பு ரசாயனமும் நீர்த்துப்போகிறது என்பதே கவலை.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

பச்சை என்றால் பழைய ரகம், சிவப்பு என்றால் லாங் லைஃப் (நெடுநாள் தாங்கும் ரகம்) என்று கடைகளில் சொல்வார்கள். நிறம் வெறும் சாயம். அதற்கு எல்லாத் தயாரிப்பாளரும் ஏற்ற விதி ஏதும் இல்லை. வேறுபாடு உள்ளே இருக்கும் துருத்தடுப்பு முறையில்தான்.

ஐஏடி (இனார்கானிக் அடிட்டிவ் டெக்னாலஜி) எனப்படும் பழைய முறையில் சிலிகேட், பாஸ்பேட், போரேட் போன்ற உப்புகள் உலோகம் முழுக்க ஒரு பூச்சுப் போட்டுக் காக்கும். வேகமாக வேலை செய்யும், வேகமாகத் தீரும்: ஏறத்தாழ 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. ஈய பற்றவைப்புள்ள தாமிர, பித்தளை ரேடியேட்டர் கொண்ட பழைய ஜீப், பழைய டீசல் வண்டிகளுக்கு இன்றும் இதுவே பொருத்தம்.

ஓஏடி (ஆர்கானிக் ஆசிட் டெக்னாலஜி) முறையில் கரிம அமிலங்களின் உப்புகள் அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டும். மெதுவாகவே தீரும் என்பதால் 5 ஆண்டு தாங்கும். அலுமினியத்துக்கு அருமை, ஈயப் பற்றவைப்பைக் காப்பதில் பலவீனம். கூலன்ட் மட்டம் குறைந்து காற்று புகுந்து ஓடினால் இதன் பாதுகாப்பும் குலைந்து துருச்சேறு சேரும்.

இவ்விரண்டையும் கலந்த எச்ஓஏடி (ஹைப்ரிட், அதாவது கலப்பு ஓஏடி) தான் இன்றைய கார்களில் பரவலாகக் காண்பது. இதில் இரண்டு கிளைகள் உள்ளன. கடின நீரில் பாஸ்பேட் படிவு கட்டும் என்பதால் ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிகேட் சேர்த்தார்கள். சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று ஜப்பானியர்கள் அதைத் தவிர்த்து பாஸ்பேட் சேர்த்தார்கள். கொரியக் கார்களும் அவர்கள் வழியே போகின்றன.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஜப்பானிய, கொரிய வடிவமைப்புக் கார்களே அதிகம். அவற்றின் கூலன்டில் பாஸ்பேட் இருக்க வாய்ப்பு அதிகம். நம் போர் தண்ணீரில் கால்சியம் அதிகம். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். படிந்த அளவுக்குத் துருத்தடுப்பும் கூலன்டிலிருந்து காணாமல் போகும். "கொஞ்சம் குறைஞ்சிருக்கு, தண்ணி விடுப்பா" என்று ஒர்க்‌ஷாப் குழாயிலிருந்து அரை லிட்டர் ஊற்றுவது நல்ல கூலன்டையே கெடுக்கும் காரியம்.

வாங்கும்போது கையேட்டில் உள்ள தரக்குறியீட்டை டப்பாவில் தேடுங்கள். கார்களுக்கு ஜேஐஎஸ் கே 2234 அல்லது ஏஎஸ்டிஎம் டி 3306, கனரக டீசலுக்கு ஏஎஸ்டிஎம் டி 6210. கிளைகால் விகிதமும் தரக்குறியீடும் அச்சிடாத "ரெடி டு யூஸ்" டப்பாவை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வகை தெரியாமல் இரண்டைக் கலந்தால் உடனே ஒன்றும் வெடிக்காது. ஆனால் 5 ஆண்டுக் கூலன்ட் 2 ஆண்டுக் கூலன்டாகிவிடும், சில சேர்க்கைகள் கூழாகவும் திரளும்.

லாரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வெட் லைனர் (கூலன்ட் நேரடியாகத் தொடும் சிலிண்டர் உறை) உள்ள எஞ்சினில் லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் குமிழிகள் உருவாகி நசுங்கி உலோகத்தைக் கொத்தும். நாளடைவில் லைனர் ஓட்டையாகி கூலன்ட் ஆயிலில் இறங்கும். இதைத் தடுக்க நைட்ரைட் அல்லது மாலிப்டேட் போன்ற சேர்க்கையுள்ள கனரகக் கூலன்டே வேண்டும். காருக்கானது மலிவாகக் கிடைத்தாலும் அங்கே பயன்படாது.

எந்தத் தண்ணீரில் கலப்பது

கனரக எஞ்சின் தயாரிப்பாளர்கள் கலவை நீருக்கு வைத்திருக்கும் வரம்பு இது: குளோரைடு 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு), சல்பேட் 100, கடினத்தன்மை 170, மொத்தக் கரைபொருள் 340. வீட்டு டிடிஎஸ் மீட்டரை (மொத்தக் கரைபொருளை அளக்கும் கருவி) எடுத்து உங்கள் போர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பல ஊர்களில் இந்த 340-ஐ முதல் அளவீட்டிலேயே தாண்டிவிடும். ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை. ஆனால் சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத நீரைத் திரும்பக் கலக்கும் கருவிகள் உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் நீர் உப்பில்லாதது, ஆனால் தூசியும் பாசியும் கலந்தது. பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் விற்கும் பேட்டரி தண்ணீர்தான் இவை எல்லாவற்றிலும் சிறந்தது, விலையும் சொற்பம். கேனில் சீல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பேட்டரி ஆசிட் கேன் அருகிலேயே இருக்கும், மாறிவிடக் கூடாது.

கான்சன்ட்ரேட்டும் பிரீமிக்ஸும்

சும்மா டாப்-அப் செய்ய பிரீமிக்ஸ் (முன்பே தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ட்) வசதி. முழுதாக மாற்றும்போது அது ஏமாற்றிவிடும். 5 லிட்டர் கொள்ளளவுள்ள காரில் ரேடியேட்டர் பிளக்கைத் திறந்தால் 3 லிட்டர்தான் வரும் என்று வையுங்கள். மீதி 2 லிட்டர் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) தங்கும். தண்ணீர் விட்டு அலசியிருந்தால் அந்த 2 லிட்டரும் தண்ணீர். அதன்மேல் 3 லிட்டர் சரிபாதி பிரீமிக்ஸ் ஊற்றினால், உள்ளே மொத்தக் கிளைகால் ஒன்றரை லிட்டர்தான், 30 சதவீதம். கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத செறிந்த கூலன்ட்) என்றால் கணக்கு எளிது: மொத்தக் கொள்ளளவில் பாதியை, அதாவது இரண்டரை லிட்டரை, முதலில் ஊற்றிவிட்டு மீதியைப் பேட்டரி தண்ணீரால் நிரப்பினால் சரிபாதி அமையும். அலசப் போகிறீர்கள் என்றால் கான்சன்ட்ரேட்டே வாங்குங்கள்.

மாற்றும் முறை: எஞ்சின் முழுதாக ஆற, இரவு முழுக்க விட்டுக் காலையில் தொடங்குவது நல்லது. சமதளத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து, அடியிலுள்ள பிளக்கையோ கீழ் ஹோஸையோ கழற்றி அகலத் தட்டில் வடியுங்கள். வந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் பிளாஸ்டிக்காக இருந்தால் கையால் இறுக்கினால் போதும். தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) திறந்ததன் அடையாளம் அது. ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்து, கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரி தண்ணீர் பயன்படுத்துங்கள். கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் காற்று மாட்டும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழியில்லாமல் திரவம் வரும்வரை திறந்து வையுங்கள். பிறகு மூடி போட்டு ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு அணையுங்கள். மறுநாள் குளிர்ந்த நிலையில் மட்டம் பார்த்தால் நிச்சயம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கலவை சரிதானா என்று பார்க்க மிதவை ஹைட்ரோமீட்டரைவிட ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது. இரண்டு சொட்டு போதும். உறைநிலை மைனஸ் 37 என்று காட்டினால் கிளைகால் 50 சதவீதம், மைனஸ் 25 காட்டினால் 40, மைனஸ் 18 வாக்கில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. இது கிளைகாலை மட்டுமே அளக்கும். துருத்தடுப்பு தீர்ந்ததா என்று அறிய சோதனைப் பட்டை தனியாக வேண்டும்.

இரண்டு வகைத் தொட்டி, இரண்டு வகை ஆபத்து

பழைய அமைப்பில் அழுத்த மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கும்; பக்கத்துப் பாட்டிலில் அழுத்தம் இல்லை. அதைச் சூடான நிலையிலும் திறந்து மட்டம் பார்க்கலாம். புதிய அமைப்பில் ரேடியேட்டருக்கு மூடியே இல்லை, பாட்டில் மேலேயே அழுத்த மூடி. முதல் வகைக்குப் பழகியவர்கள் இரண்டாம் வகையில் பாட்டில்தானே என்று திறந்து முகம் வெந்துபோகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கர் போலத்தான் இரண்டு மூடியும்: 115 டிகிரியில் கொதிக்காமல் இருந்த திரவம் அழுத்தம் போன நொடியில் ஆவியாகிப் பீறிடும். மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ கை வைக்க முடியாத சூடாக இருந்தாலோ தொடவே வேண்டாம். ஆறிய பிறகும் தடித்த துணி போட்டு, முகத்தை விலக்கி, முதல் கால் சுற்றில் நிறுத்தி, சீறல் அடங்கியதும் மீதியைத் திருப்புங்கள். எலக்ட்ரிக் ஃபேன் சாவி எடுத்த பிறகும் தானாகச் சுற்றும். கை வைக்குமுன் அதன் கனெக்டரைக் கழற்றிவிடுவது நல்லது.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஆவி வரும்போது பானெட்டைத் திறக்காதீர்கள். வறண்டு சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம். குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருங்கள். அதன்பின்னும் ஹோஸ் சோதனையை விட வேண்டாம்.

மஞ்சள் தூள், லீக் மருந்து, தெர்மோஸ்டாட்

லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டர் கசிவுக்கு மஞ்சள் தூள் போடுவது பழைய வழக்கம். சிறு துளையில் அது உண்மையிலேயே அடைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப் திரவமும் அதே வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் கோளாறும் ஒன்றே: துளை எது, அகலம் குறைந்த ஹீட்டர் கோர் குழாய் எது என்று அவற்றுக்குத் தெரியாது. தாமிர ரேடியேட்டருள்ள பழைய லாரியில் அடுத்த ஊர் வரை போக மஞ்சள் போதும். மெல்லிய குழாயுள்ள அலுமினிய ரேடியேட்டரில் இரண்டையும் தவிருங்கள்.

சூடு ஏறும் வண்டிக்கு "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழற்றினால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வர வெகுநேரமாகும், பெட்ரோல் கூடுதலாகப் பாயும், ஆயிலில் கசடு சேரும். பைபாஸ் வழியையும் (ரேடியேட்டரைத் தவிர்த்து எஞ்சினுக்கே திரும்பும் பாதை) தானே மூடும் வகைத் தெர்மோஸ்டாட் என்றால் நிலைமை இன்னும் மோசம்: அது இல்லாதபோது சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பி, வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடேறும். அதே வெப்பநிலை எண் பொறித்த புதியதைப் போடுவதே வழி.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தரையிலோ விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். தெரு நாயும் பூனையும் நக்கும், குழந்தைகளும் குடித்துவிடும். பெரியவருக்கே 100 மி.லி. அளவில் உயிர் போகலாம். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. இறுக்கமான மூடியுள்ள, பெயர் எழுதிய கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். யாராவது குடித்துவிட்டால், அறிகுறி தெரியாவிட்டாலும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்படுவதற்கு முன் கொடுத்தால் வேலை செய்யும் மாற்று மருந்து உண்டு.